கரடிக்கும் வியர்க்கும்

மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு வாண்டு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியானால், ‘‘பர்த்டேக்கு என்ன தீம்?’’ என்ற கேள்வி இந்நேரம் உங்களைத் தேடி வந்திருக்கும். கேட்டது குழந்தையாக இருக்காது. பக்கத்து ஃப்ளாட்டில் கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் வேனுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு அம்மா கேட்டிருப்பார். ‘‘தீமா? கேக் வெட்டறோம், சாப்பிடறோம், அவ்வளவுதான்’’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள்.

‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள், தெரியும். ஆரம்பிக்கப் போவதில்லை. நட்சத்திரம் பார்த்து ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், வகுப்பில் ஆளுக்கொரு சாக்லேட் என்று முடிந்துபோன பிறந்தநாள்களில் பெரிய சுகம் ஒன்றும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. புதுச்சட்டை கழுத்தில் குத்தும். குழந்தையை வெளியே அழைத்துப்போய், அவளுக்கென்றே ஒரு சாப்பாடு வாங்கிக்கொடுப்பது நல்ல காரியம் என்பதுதான் என் கட்சி.

என் வருத்தம் வேறு. ஊரில் எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். பிரியாணிக்கு நட்சத்திரம் கொடுக்கிறோம். இந்த தீம் விருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மட்டும் ஐந்தரை அடி உயரத்தில் நின்றுகொண்டு எழுதுகிறார்கள். ‘ஆம்பியன்ஸ் பிரமாதம், பார்க்கிங் தாராளம்.’ பார்க்கிங்கால் ஐந்து வயதுப் பெண்ணுக்கு என்ன லாபம், சொல்லுங்கள்?

போன மே மாதம் நண்பரின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். சென்னைக்குத் தெற்கே, ஐ.டி. கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், காடு தீம் உணவகம் ஒன்றில் விருந்து. பெயர் வேண்டாம். அந்தக் காட்டைப்போல நாலைந்து காடுகள் ஊரில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே தெர்மோகோல் பாறை, ஒரே பிளாஸ்டிக் கொடி. வாசலில் குகை. உள்ளே போனால் இருட்டு. கூரையிலிருந்து தொங்கும் இலைகளுக்கு நடுவே பச்சை பல்பு. மூலையில் ஒரு கொரில்லா. சுமார் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இடி இடிக்கும், மின்னல் வெட்டும், கொரில்லா மார்பில் அடித்துக்கொண்டு உறுமும். பெரியவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பார்கள். சின்னதுகள் மேசைக்கு அடியில் போய்விடும்.

விமர்சகன் என்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டாமா? செருப்பு லேஸைக் கட்டுகிற பாவனையில் மண்டி போட்டு, மூன்றடி உயரத்திலிருந்து அந்த அறையைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது கொரில்லாவின் மூக்குத் துவாரம். அப்புறம் மேசையின் அடிப்பலகை, அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். மேசை மேல் இருப்பது எதுவும் தெரியவில்லை. கையலம்பும் இடத்தில் கல்லில் குடைந்த மாதிரி அழகான தொட்டி. என் இடுப்புக்கு மேல் உயரம். பன்னிரண்டு குழந்தைகளையும் ஒவ்வொருவராகத் தூக்கித்தான் கை கழுவ வைத்தார்கள். ஒன்றரை நிமிஷத்தில் நான் எழுந்துவிட்டேன். அவர்கள் இரண்டரை மணி நேரம் அங்கே இருந்தார்கள்.

இருட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்குத் தெரியாத எதையும் அது வாயில் வைக்காது. கறிவேப்பிலையை எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிக்கிற ஜாதி. அதன் முன்னால் பச்சை வெளிச்சத்தில் வெள்ளை சாஸ் ஊற்றிய பாஸ்தாவை வைத்தால், அது பார்ப்பது பச்சைப் பாஸ்தா. தொடுமா? தொடவில்லை. தட்டுகள் அப்படியே திரும்பிப் போயின.

பிறந்தநாள்காரி என்ன சாப்பிட்டாள் என்று சொல்கிறேன். உருளைக்கிழங்கு வறுவல் நாலு துண்டு, கேக்கின் மேல் இருந்த சர்க்கரைப் புலியின் ஒரு காது. அப்புறம் தயிர்சாதம். மெனுவில் தயிர்சாதம் இல்லையே என்பீர்கள். பாட்டி வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டு வந்திருந்தார். ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டைப் பார்த்துவிட்டு, மூங்கில் தட்டிக்குப் பின்னால் பேத்தியை உட்கார வைத்து, புடவைத் தலைப்பால் மறைத்தபடி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் திடுக்கிட்டு, ‘‘யாரும் வராங்களாப்பா?’’ என்றார். சொந்தப் பேத்தியின் பிறந்தநாளில் அவர் கடத்தல்காரர் ஆகியிருந்தார்.

நான் பி.காம். அதனால் பில்லைப் பார்க்காமல் நகர மாட்டேன். நண்பர் மறைக்காமல் காட்டினார். நாற்பது பிளேட் கியாரண்டி, பிளேட் 950 ரூபாய். ஆக 38,000. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். வராத ஒன்பது பேருக்கும் சேர்த்துத்தான். ‘ஜங்கிள் டெகரேஷன்’ 12,000. (உணவகமே காடு. அந்தக் காட்டுக்குள் இன்னொரு காடு போட தனி சார்ஜ். திருநெல்வேலிக்கே அல்வா என்பது இதுதான்.) கரடி வேஷம் 3,500. இதற்கெல்லாம் மேல் ‘சர்வீஸ் சார்ஜ் 10 சதவிகிதம்’ என்று ஒரு வரி. இது நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம். தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாயிற்று. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னதும், வாதாடாமல் அடித்துவிட்டு வேறு பில் கொண்டுவந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு.

எங்கள் காஸ்ட் அக்கவுன்ட்டிங் வாத்தியார், எந்தச் செலவைப் பார்த்தாலும் ‘இது யாருக்காக ஆன செலவு?’ என்று முதலில் கேட்கச் சொல்வார். அந்தக் கணக்கில் இந்த பில்லைப் பார்த்தால், குழந்தைக்காக ஆன செலவு தயிர்சாதம் மட்டும்தான். அது பில்லிலேயே இல்லை. மீதி மொத்தமும் புகைப்படத்துக்கு ஆன செலவு.

இந்தத் தொழிலின் வரலாறு சுவாரஸ்யமானது. ஆரம்பித்தவர்கள் எல்லோரும் குழந்தையைக் கூர்ந்து கவனித்தவர்கள்தான். 1930ல் டோக்கியோவின் மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோரில் குழந்தைகளுக்கென்று ஒரு தட்டு போட்டார்கள். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பெரியவர்கள் சாப்பிடும் வகைகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நடுவில் சோற்றை ஃபூஜி மலை மாதிரி குவித்து, உச்சியில் சின்னக் கொடி ஒன்று. அவ்வளவுதான் தீம். மொத்தமும் தட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது, கவனியுங்கள். சுவரில் ஒன்றும் இல்லை. ‘ஒகோசமா லஞ்ச்’ என்ற பெயரில் ஜப்பானில் இன்றைக்கும் அது இருக்கிறது.

மெக்டொனால்ட்ஸின் ஹேப்பி மீல் கதையும் அப்படித்தான் தொடங்கியது. குவாதமாலாவில் அந்தக் கம்பெனியின் உணவகத்தை நடத்திவந்த யோலாண்டா ஃபெர்னாண்டஸ் டி கொஃபினோ என்ற பெண்மணி, சின்னக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் அளவுச் சாப்பாடு அதிகம் என்று கவனித்தார். 1970களில், கொஞ்சமாக ஒரு பர்கர், கொஞ்சமாக வறுவல், சின்ன ஐஸ்க்ரீம் என்று ஒரு செட் போட்டார். கூடவே ஒரு சின்னப் பொம்மை. அமெரிக்காவில் 1979ல் அது ஹேப்பி மீல் ஆனபோது முதல் தீம் சர்க்கஸ் வண்டி. அப்புறம் பொம்மை எஜமான் ஆகிவிட்டது, சாப்பாடு கூட வருகிற சாமான் ஆகிவிட்டது. 2010ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், சத்தான உணவாக இல்லாவிட்டால் பொம்மையை இலவசமாகத் தரக்கூடாது என்று சட்டம் போட்டது. 2011 கடைசியில் சட்டம் அமலுக்கு வந்ததும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பொம்மைக்குப் பத்து சென்ட் விலை வைத்தது, அதை தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட்டது. இலவசம் இல்லையே! எனக்கு ஆடிட்டர் நண்பர்கள் நிறைய. இந்தக் கதையை அவர்களிடம் சொன்னால் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.

எல்லாரையும்விடக் கெட்டிக்காரர் நோலன் புஷ்னெல். வீடியோ கேமுக்குப் பெயர் போன அடாரி கம்பெனியின் ஸ்தாபகர். 1977ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ‘சக் ஈ. சீஸ்’ என்ற பீட்ஸா கடையைத் திறந்தார். பீட்ஸா வேக நேரமாகும். குழந்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. அந்த நேரத்தில் அது காசு போட்டு கேம் விளையாடட்டும் என்பதுதான் மொத்த வியாபாரமும். தானாகப் பாடி ஆடும் பொம்மைகள் வேறு. கடைக்குச் சின்னமாக ஓநாய் ஜாதி மிருகம் ஒன்று வேண்டுமென்று நினைத்து வேஷ உடை வாங்கினார். பிரித்துப் பார்த்தால் எலி. சரி, எலியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எலிதான் உலகப் புகழ் பெற்றது. சாப்பாட்டுக் கடைக்கு எலி சின்னம், அதையும் ஒரு தேசம் ஏற்றுக்கொண்டது!

புஷ்னெல் பணம் பண்ணினார் என்பது இருக்கட்டும். குழந்தைக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம் என்பதை அவர் கண்டுகொண்டார். நம்ம ஊரில் அதே கஷ்டத்துக்கு வேறொரு விடை இருந்தது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 1962ல் வந்தது. காருக்கே வந்து ஜன்னலில் தட்டை மாட்டுவார்கள். டிபன் வரும்வரை பிள்ளைகளுக்கு மரத்தடி இருந்தது, ஓட இடம் இருந்தது. காசு போடத் தேவையில்லை. தீம் என்ற வார்த்தையே அங்கே யாருக்கும் தெரியாது. 2008ல் மூடினார்கள். அந்த இடத்தில் 2010லிருந்து செம்மொழிப் பூங்கா. இன்றைக்கும் ஓடலாம், டிபன்தான் கிடையாது.

தீமே கூடாது என்று சொல்கிறேனோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தீம் நல்லதா, வெறும் ஜோடனையா என்று பார்க்க எனக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அந்த வேடிக்கை சாப்பாட்டில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா? குட்டி ரயில் தண்டவாளத்தில் ஓடிவந்து மேசைக்கு மேசை தட்டை இறக்கிவிட்டுப் போகும் உணவகங்கள் ஹைதராபாத், சூரத் போன்ற ஊர்களில் வந்திருக்கின்றன. அது நல்ல தீம். ஏனென்றால் அங்கே காத்திருப்பதே விளையாட்டு. ‘நம்ம ட்ரெயின் எப்போ வரும்?’ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே பிள்ளை அரைமணி நேரம் உட்காரும். வந்த இட்லியை, ரயிலில் வந்த இட்லி என்பதால் சாப்பிட்டும் விடும். 1958ல் ஒசாகாவில் சுஷித் தட்டுகளை நகரும் பெல்ட்டில் வைத்து அனுப்பினார் ஷிராய்ஷி என்பவர். பீர் தொழிற்சாலை பெல்ட்டைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை, ஆள் செலவை மிச்சம் பிடிக்க. குழந்தைகளை நினைத்துச் செய்ததில்லை. ஆனால், பெல்ட் முன்னால் எந்தக் குழந்தையும் அழுது நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? கூம்பு தோசை. நம்ம சைவ ஓட்டல்காரர் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது. தட்டில் தோசை தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பிள்ளை முதலில் தலையில் வைத்துப் பார்க்கும், அப்புறம் உள்ளே எட்டிப் பார்க்கும், அப்புறம் நுனியை உடைக்கும், உடைத்ததைத் தின்னும். தீம் ஆரம்பித்துச் சாப்பாடாகி முடிந்துவிட்டது. கிண்ணத்துச் சாம்பாரில் பதினாலு குட்டி இட்லி மிதப்பதும் அப்படித்தான். எண்ணத் தெரிந்த குழந்தை ஒவ்வொரு தடவையும் எண்ணும். ஒன்று குறைந்தால் சர்வரைக் கூப்பிடும்.

சரி, கரடிக்கு வருகிறேன்.

கேக் வெட்டி முடித்ததும் கரடி வந்தது. ஆறடி உயரம், பழுப்பு ரோமம், பஞ்சு அடைத்த பெரிய தலை. பாட்டு அலற ஆடிக்கொண்டே பிறந்தநாள்காரியை நெருங்கியது. அவள் ‘வீல்’ என்று கத்திக்கொண்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ‘‘ஒண்ணும் பண்ணாதும்மா, ஷேக் ஹேண்ட் குடு’’ என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர், ‘‘அழறதும் க்யூட்டாதான் இருக்கு, எடுங்க எடுங்க’’ என்றார். நாலைந்து வயதில் குழந்தைக்கு முகம்தான் எல்லாம். அசையாத முகம் ஒன்று, சிரித்தபடியே, தன்னைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் நெருங்கி வந்தால் பயப்படுவது கோழைத்தனம் ஆகாது. புத்திசாலித்தனம். உங்களையும் என்னையும் ஒரு ஆறடிக் கரடி கட்டிப்பிடிக்க வந்தால் நாமும் அப்படித்தான் கத்துவோம்.

பத்து நிமிஷம் கழித்து நான் பின்பக்க வழியாகத் தண்ணீர் கேட்கப் போனேன். பிறந்தநாள்காரியும் என் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். சமையலறைக்கு வெளியே, ஏ.சி. எட்டாத நடையில், கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை மேல் கரடி உட்கார்ந்திருந்தது. தலை தனியாகத் தரையில் கிடந்தது. கழுத்துக்கு மேலே இருபது வயதுப் பையன் ஒருவன். மழையில் நனைந்தவன் மாதிரி தலைமுடி சொட்டச் சொட்ட, தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தான். மே மாதத்து சென்னை, உடம்பு பூரா ரோமம்.

இவள் பயந்து ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. கரடித் தலையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். ‘‘உள்ள நீதான் இருந்தியா அண்ணா?’’

‘‘ஆமா பாப்பா.’’

‘‘ரொம்ப வேர்க்குதா?’’

‘‘ஆமா.’’

பிறந்தநாள் கவுனின் நுனியைப் பிடித்து அவன் நெற்றியைத் துடைக்கப் போனாள். அவன் கூச்சத்தோடு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அப்புறம் கரடித் தலையை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டான். இடுப்பு வரை இறங்கியது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதைப் படமெடுக்க யாரும் இல்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ‘‘கெஸ்ட் முன்னாடி தலையைக் கழட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?’’ பையன் அவசரமாகத் தலையை வாங்கி மாட்டிக்கொண்டான். மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு விதி அப்படி. காட்டுக்குள் மனிதன் தெரியக் கூடாது. விமர்சகன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த விருந்தில் குழந்தைக்குப் பிடித்த ஒரே காட்சியை இயக்குநர் வெட்டிவிட்டார்.

வாசலில் இன்னொரு காட்சி. கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்து, சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலான தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஆனது அல்லவா? அப்படிச் சேர்ந்த ஒரு பையனும் அவள் வகுப்பில் இருக்கிறான். நண்பர் நல்லவர், மொத்த வகுப்பையும் கூப்பிட்டிருந்தார். பையனை இறக்கிவிட்ட அப்பா உள்ளே வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும், ‘‘சாப்ட்டுதான் சார் வந்தேன்’’ என்று பைக் பக்கத்திலேயே இரண்டரை மணி நேரம் நின்றார். நமக்கு முன்கூட்டியே காசு கட்டிய ஒன்பது பிளேட் உள்ளே வீணாகிக்கொண்டிருந்தது.

பையன் கொரில்லாவுக்குப் பயப்படாத ஒரே ஆள். பாஸ்தாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ரிட்டர்ன் கிஃப்ட் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்து, ‘‘அப்பா, என் பர்த்டேக்கு எந்தக் காடு?’’ என்றான். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். அடுத்த வாரம் அதே வகுப்பில் இன்னொரு பிறந்தநாள், விண்வெளி தீம் என்று பேசிக்கொண்டார்கள்.

வரும் மாதங்களில் உங்கள் வீட்டிலும் ஒரு தேதி இருக்கலாம். என்னைக் கேட்டால், பன்னிரண்டு பேர் வேண்டாம், நாலு பேர் போதும். அவர்களைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கே, கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். ஆளுக்கொரு கூம்பு தோசை. அதற்கே அழைப்பு அடித்து, ‘தொப்பி பார்ட்டி’ என்று பெயரும் வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? இல்லை, காடுதான் வேண்டுமென்று வீட்டில் முடிவாகிவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். விளக்கைக் கொஞ்சம் கூட்டுவீர்களா? இடியை நிறுத்துவீர்களா? குழந்தைக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவரலாமா? கரடி இல்லாமல் முடியுமா?

இதை எழுதுவதற்காக மூன்று இடங்களுக்கு நானே போன் போட்டேன். ஒருவர் விளக்கைக் கூட்டுகிறேன் என்றார். இன்னொருவர், கைக்குழந்தை என்றால் டப்பா ஓகே, மூன்று வயதுக்கு மேல் கஷ்டம் என்றார். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாக ‘ஓகே சார், ஓகே சார்’ சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

‘‘கரடி வேணாம்னா பரவாயில்ல சார். ஆனா ரேட் குறையாது, அது பேக்கேஜ்ல வருது.’’